அப்பாவுக்கு ஏழு பிள்ளைகள், மகனுக்கு விந்தணு இல்லை: இது எப்படிப் பரம்பரையாகும்?

திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 33, குவைத்தில் ஏசி மெக்கானிக், கல்யாணமாகி நாலு வருஷம். இந்த லீவில் வந்தபோது விந்துப் பரிசோதனை எடுத்தார். ரிப்போர்ட்டில் ‘அசூஸ்பெர்மியா’ என்று வந்தது, அதாவது விந்தில் விந்தணுவே இல்லை. டாக்டர் குரோமோசோம் டெஸ்டும் ஒய் குரோமோசோம் டெஸ்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் சொன்னதும் அப்பா, “எனக்கு ஏழு பிள்ளேளுடே! நம்ம வமிசத்துல இப்பிடியொரு குறை உண்டுமா?” என்று சத்தம் போட்டிருக்கிறார். தம்பிக்கு மூன்று சந்தேகம். அப்பாவுக்கு ஏழு பிள்ளைகள் இருக்கும்போது எனக்கு மரபணுக் குறை எங்கிருந்து வரும்? இந்த டெஸ்டெல்லாம் எதற்கு, நேரே ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் டியூப் குழந்தை முறைக்குப் போனால் என்ன? அம்மா வீடு மணவாளக்குறிச்சி, சின்ன வயதில் அங்கேதான் வளர்ந்தேன், அங்குள்ள கதிர்வீச்சு மணல்தான் காரணமா?

நான் டாக்டர் இல்லை. குரோமோசோம் லேபில் இருபத்தெட்டு வருஷம் டெக்னீஷியனாக இருந்தவன். காலையில் நாகர்கோவிலில் ரயிலேறித் திருவனந்தபுரம் போய், இருட்டிய பிறகு இரணியலில் இறங்குகிற வாழ்க்கை. இந்த ரிப்போர்ட்டுகளை எழுதிய கை என்பதால் சொல்கிறேன். முடிவெடுப்பதை உங்கள் டாக்டரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மரபணுவுக்குப் போகும் முன் ஒரு சின்ன விஷயம். ‘இல்லை’ என்று எழுதியிருப்பது உண்மையிலேயே இல்லையா? விந்தை ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவிடக் கூடாது. முழு மாதிரியையும் சென்ட்ரிஃப்யூஜில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிகிற வண்டலை எடுத்துத் தேடவேண்டும். அந்த வண்டலில் நாலு விந்தணு கிடைத்தாலும் கதையே மாறிவிடும். எங்கள் உறவில் ஒரு பையனுக்கு ஒரு லேபில் ‘நில்’ என்று கொடுத்தார்கள். சுழற்றினீர்களா என்று போனில் கேட்டேன். “அது ஸ்பெஷலா சொன்னாத்தான் சார் செய்வோம்” என்றார்கள். வேறு இடத்தில் கொடுத்தபோது ஏழெட்டு விந்தணு கண்ணில் பட்டது. அதனால் இன்னொரு முறை கொடுங்கள். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி விட்டுக் கொடுங்கள். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். மூன்று மாதத்துக்குள் டெங்குவோ கடுமையான காய்ச்சலோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், எண்ணிக்கை அதனாலும் இறங்கும்.

அடுத்து, விந்தணு உற்பத்தியே இல்லையா, உற்பத்தியாகி வெளியே வர வழியில்லையா என்று பிரிக்கவேண்டும். கிணறு வற்றியதா, குழாய் அடைத்ததா என்பதுதான். இதற்குப் பெரிய மிஷின் வேண்டாம். டாக்டர் கையால் தொட்டுப் பார்த்து விதையின், அதாவது விரையின், அளவைச் சொல்வார். ரத்தத்தில் எஃப்எஸ்எச் பார்ப்பார்கள், விந்தணு உற்பத்தி செய்யச் சொல்லி மூளைப் பக்கமிருந்து விதைக்கு வருகிற ஹார்மோன் அது. விதை சிறிதாகவும் எஃப்எஸ்எச் கூடுதலாகவும் இருந்தால் பெரும்பாலும் கிணற்றில்தான் குறை. விதை நல்ல அளவில் இருந்து, எஃப்எஸ்எச் சரியாக இருந்து, விந்தின் அளவு ஒன்றரை மில்லிகூட இல்லையென்றால் குழாயைச் சந்தேகிக்கவேண்டும். லேப் ரிப்போர்ட்டில் ‘வால்யூம்’ என்று ஒரு வரி இருக்கும், யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளை பெறமுடியாத குறை தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்கும்? அப்படிக் குறை உள்ளவருக்குப் பிள்ளையே இருக்காதே! ஆனால் அவர் ‘மரபணுக் காரணம்’ என்றதைப் ‘பரம்பரை’ என்று கேட்டுக்கொண்டார். இரண்டும் ஒன்றல்ல. அப்பாவிடம் இல்லாத ஒரு மரபணுப் பிழை மகனிடம் புதிதாக வரலாம். அப்பாவிடம் ஒளிந்திருந்து, அவரைத் தொந்தரவு செய்யாமல் மகனிடம் வெளிப்படலாம். அப்பாவுக்குச் சம்பந்தமே இல்லாமல் அம்மா வழியாகவும் வரலாம்.

புதிதாக வருவதில் நம் நாட்டு ஆண்களிடம் நன்றாகவே பார்க்கப்பட்டது ஒய் குரோமோசோமில் துண்டு விடுபடுவது. விந்தணு உற்பத்திக்கு வேண்டிய ஏதோ ஒன்று ஒய்யின் நீண்ட கையில் இருக்கிறது என்று 1976இல் டியபோலோ, சுஃபார்டி என்ற இரண்டு இத்தாலிய விஞ்ஞானிகள் சொன்னார்கள். பிறகு அதை ஏஇசட்எஃப் என்று பெயரிட்டு ஏ, பி, சி என்று மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டு ஆண்கள் 340 பேரை, எல்லாருமே விந்தணு இல்லாதவர்கள், சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். 29 பேருக்கு ஒய்யில் துண்டு விடுபட்டிருந்தது. நூற்றுக்கு எட்டரை.

அது ஏன் விடுபடுகிறது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் அலுக்காத விஷயம். விகடகவி என்ற சொல்லைப் பின்னாலிருந்து படித்தாலும் விகடகவிதான். ‘தேரு வருதே’யும் அப்படித்தான். ஒய் குரோமோசோமில் இப்படி முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கக்கூடிய பெரிய பகுதிகள் எட்டு இருக்கின்றன. அவை தவிர, ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிற இடங்களும் நிறைய. மற்ற குரோமோசோம்களுக்கு ஜோடி உண்டு, ஒன்றில் பிழை வந்தால் மற்றதைப் பார்த்துத் திருத்தலாம். ஒய்க்கு ஜோடி கிடையாது. அதனால் தன்னிடமே ஒரு நகல் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பாதுகாப்பே அதற்கு வினையாகவும் ஆகிறது.

எங்கள் ஊரில் வர்ம ஆசான் ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்து நோட்டில் படியெடுத்ததைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரி முடிகிற இரண்டு வரி அடுத்தடுத்து வந்தால் கண் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்குத் தாவிவிடும். நடுவில் உள்ளது முழுக்க விட்டுப்போகும். எழுதினவருக்குத் தெரியவே தெரியாது. நோட்டும் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஒய்யில் நடப்பது இதுவே. அப்பாவின் விதைக்குள் கோடிக்கணக்கான விந்தணுக்கள் உருவாகும்போது ஏதோ ஒன்றில் ஒரே மாதிரியான இரண்டு இடங்கள் ஒட்டிக்கொண்டு நடுப்பகுதி கழன்று போகிறது. சி பகுதி முழுசாகப் போகும்போது ஏறத்தாழ 35 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் போகின்றன. டேஸ் என்ற மரபணுவின் நாலு பிரதியும் அதோடு போய்விடும். அப்பாவின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு விந்தணுவில்தான் குறை, அந்த ஒரு விந்தணுவிலிருந்து பிறந்தவர்தான் நீங்கள் என்றால் உங்கள் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அந்தத் துண்டு இருக்காது. மற்ற ஆறு பேருக்கும் ஒன்றும் ஆகாது. ஆகவே உங்கள் அப்பாவிடம், “உங்க வமிசத்துல குறை இல்ல, படியெடுத்ததுல ஒரு வரி விட்டுப்போச்சு” என்று சொல்லிப் பாருங்கள். ஏழு பிள்ளைகளை வளர்த்தவர், விளங்கிக்கொள்வார்.

எந்தப் பகுதி போயிருக்கிறது என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஏ பகுதியோ பி பகுதியோ முழுசாகப் போயிருந்தால் விதையைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைக்காது என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அனுபவம். அங்கே ஆப்பரேஷன் செய்வது வலியும் செலவும் மட்டும்தான். சி பகுதி மட்டும் போயிருந்தால் நிலைமை வேறு. சிலருக்கு விந்திலேயே கொஞ்சம் விந்தணு இருக்கும். இல்லாதவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மைக்ரோ டெஸி என்ற நுண் அறுவையில் விதைக்குள்ளிருந்து எடுக்க முடிகிறது. 1999இல் நியூயார்க்கில் தொடங்கிய முறை அது, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் பருத்த நுண்குழாய்களைத் தேடி எடுப்பார்கள். எடுத்த ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்துவதுதான் இக்ஸி. அது 1992இல் பெல்ஜியத்தில் வந்தது. ரத்தம் ஐந்து மில்லி கொடுத்துத் தெரிந்துகொள்ளக்கூடியதை விதையைக் கீறித் தெரிந்துகொள்வானேன்? ஒய் ரிப்போர்ட் வருவதற்கு முன் யாராவது பயாப்ஸிக்குத் தேதி கொடுத்தால், “ரிப்போர்ட் வரட்டும் டாக்டர்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சி பகுதி விடுபட்டவர் இக்ஸி மூலம் தகப்பனானால், பிறக்கிற மகன் ஒவ்வொருவருக்கும் அதே ஒய்தான் போகும். அவனும் முப்பது வயதில் இதே வாசலில் நிற்பான். மகளுக்கு ஒய் போகாது, அவளுக்குப் பிரச்சினை இல்லை. அப்படியானால் பெண் கருவாகப் பார்த்து வைக்கச் சொல்லலாமே என்று யோசனை வரும். வேறு நாட்டில் வாய்ப்புக் கொடுப்பதாக ஏஜெண்டுகளும் சொல்வார்கள். நம் நாட்டில் பிசிபிஎன்டிடி சட்டம் இருக்கிறது, ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பது குற்றம். இந்த மகனின் குறை உயிருக்கு ஆபத்தில்லாதது என்பதையும், அதற்குள் மருத்துவம் முப்பது வருஷம் முன்னேறியிருக்கும் என்பதையும் வைத்துத்தான் தம்பதிகள் முடிவெடுக்கிறார்கள். தெரிந்து எடுப்பதும் தெரியாமல் எடுப்பதும் ஒன்றல்ல. மறுபரிசோதனையில் உங்களுக்குச் சில விந்தணுவாவது தெரிந்தால் உடனே உறைய வைக்கச் சொல்லுங்கள். இந்த வகையில் வருஷம் போகப்போக எண்ணிக்கை குறையக்கூடும், நீங்களோ ஊரில் இருக்கப்போவது நாற்பத்தைந்து நாள்.

குரோமோசோம் டெஸ்டு, அதாவது கேரியோடைப், எதற்கென்றால் முக்கியமாகக் கிளைன்ஃபெல்டருக்கு. சாதாரணமாக ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். இவர்களுக்கு எக்ஸ் ஒன்று கூடுதல். ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942இல் அடையாளங்களை எழுதினார், காரணம் கூடுதல் எக்ஸ் என்று 1959இல்தான் தெரிந்தது. ஏறத்தாழ அறுநூறு ஆண்களில் ஒருவருக்கு இது உண்டு. அப்படியானால் ஒரு மண்டைக்காடு கோயில் கொடைக்கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாது. தாம்பத்தியத்தில் குறை இருக்காது, மீசை தாடி இருக்கும், வேலையில் கெட்டிக்காரராக இருப்பார். விதை மட்டும் சிறிதாக, கல்போல இருக்கும். விந்தணு இல்லாத ஆண்களில் நூற்றுக்குப் பத்துப் பேரிடமாவது நாங்கள் இதைப் பார்ப்போம். இதுவும் பரம்பரை அல்ல. கூடுதல் எக்ஸ் அம்மாவின் கருமுட்டையிலிருந்தும் வந்திருக்கலாம், அப்பாவின் விந்தணுவிலிருந்தும் வந்திருக்கலாம், ஏறக்குறையச் சரிபாதி. நுண் அறுவையில் இவர்களில் பத்துக்கு நாலைந்து பேருக்கு விந்தணு கிடைக்கிறது. பிறக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் சரியான குரோமோசோமோடுதான் பிறக்கின்றன. ஆனால் இவர்களுக்குச் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் வரும் வாய்ப்பு அதிகம். குழந்தைப் பேச்சு முடிந்தபிறகும் டாக்டரை விடக் கூடாது.

அந்த டெஸ்டு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏன் மூன்று வாரம் ஆகிறது என்று கோபப்படாமலிருக்க. பச்சை மூடிக் குழாயில் வந்த ரத்தத்தில் சில சொட்டுகளைச் சத்துத் திரவத்தில் விட்டு, 37 டிகிரியில் மூன்று நாள் வைப்போம். வெள்ளணுக்கள் சும்மா இருந்தால் பிரியாது. அவற்றைத் தூண்ட ஒரு பொருள் சேர்ப்போம், அது சிவப்பு பீன்ஸிலிருந்து, நாம் ராஜ்மா என்று வாங்குகிறோமே அதிலிருந்து, எடுத்தது. மூன்றாம் நாள் செல்கள் பிரிகிற சமயத்தில் அப்படியே நிறுத்த இன்னொரு மருந்து. அதன் மூலம் கால்ச்சிசின். நம் வேலி ஓரத்தில் ஐப்பசி மழையில் பூக்கிற செங்காந்தளின் கிழங்கில் இருக்கிற அதே விஷம். பிறகு உப்புக் குறைந்த நீரில் செல்களை ஊதவிட்டு, மெத்தனாலும் அசிட்டிக் ஆசிடும் கலந்ததில் பதப்படுத்தி, ஈரமான கண்ணாடித் தகட்டில் ஒரு சாண் உயரத்திலிருந்து சொட்டுவோம். செல் வெடித்துக் குரோமோசோம்கள் சிதறி விழும். சாயம் ஏற்றினால் வேட்டிக் கரைபோல வரிவரியாகத் தெரியும். இருபது செல்லாவது எண்ணவேண்டும், கலப்பு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முப்பதும் அதற்கு மேலும். மழைக்காலத்தில் தகடு காய்வதில்லை, வரிகள் மங்கிவிடும். அந்த நாட்களில் எங்கள் லேபில் யாரும் யாரோடும் பேசமாட்டோம்.

இப்போது அம்மா வழி. எக்ஸ் ஒன்றே உள்ள சாதாரண ஆணுக்கு அது வருவது அம்மாவிடமிருந்து மட்டும்தான். எக்ஸில் உள்ள டெக்ஸ்11 என்ற மரபணு கெட்டிருந்தால் விந்தணு பாதி வழியில் நின்றுவிடும். அம்மாவுக்கு அந்த மரபணு ஒன்று கெட்டிருந்தாலும் இன்னொரு எக்ஸ் இருக்கிறது, அவருக்கு எந்தத் தொந்தரவும் வராது. ஆகையால் அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவதில் அர்த்தமில்லை. தாய்மாமனுக்குப் பிள்ளை உண்டா என்று பாருங்கள். பிள்ளையில்லாத தாய்மாமனைக் குடும்பத்தில் யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, “அவன் பெஞ்சாதி மலடி” என்று முடித்திருப்பார்கள். மலடி என்ற சொல் நம் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது! மலடன் என்று யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா?

இரண்டு பக்கமும் சேர்ந்து வருவதும் உண்டு. அப்பாவிடம் ஒரு பிரதி கெட்டிருக்கும், அம்மாவிடம் ஒன்று கெட்டிருக்கும், இருவரும் நலமாக இருப்பார்கள். இரண்டு கெட்ட பிரதியும் சேர்ந்து வாங்கிய பிள்ளைக்கு மட்டும் குறை. பிள்ளைக்குப் பிள்ளை நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகள் கட்டுகிற நம் வழக்கத்தில் இது கூடுதல், ஒரே தாத்தாவின் கெட்ட பிரதி இரண்டு பக்கமாகவும் இறங்கிவந்து சேரும். உங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று எழுதவில்லை, டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எஸ்டிஏஜி3 என்ற மரபணு இப்படிப்பட்டது. ஆணிடம் விந்தணு இருக்காது, அதே வீட்டுப் பெண்ணிடம் இளவயதிலேயே மாதவிலக்கு நின்றுபோகும். ஏழு பேரில் ஒரு தங்கைக்கு அப்படி இருந்தால் அதை ‘வேறு விஷயம்’ என்று விட்டுவிடாதீர்கள்.

குழாய் இல்லாத வகையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. சிஎஃப்டிஆர் என்று ஒரு மரபணு, 1989இல் கண்டுபிடித்தது. கடுமையாகக் கெட்டால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். லேசாகக் கெட்ட ஆணுக்கு வேறு நோயே இருக்காது, பிறவியிலேயே விந்துக்குழாய் இரண்டும் மட்டும் இல்லாமல் இருக்கும். விதைக்குள் விந்தணு நன்றாகவே உருவாகும். விந்தின் அளவு குறைவாக, புளிப்புத்தன்மையோடு, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லாமல் வரும். அனுபவமுள்ள டாக்டர் விரலால் தடவிப் பார்த்தே குழாய் இல்லை என்று சொல்லிவிடுவார், சரடு மாதிரி கையில் படவேண்டியது படாது. இதில் விந்தணு எடுப்பது சுலபம். ஆனால் இக்ஸிக்கு முன் மனைவிக்கும் அதே மரபணுவைச் சோதித்தாகவேண்டும். அவரிடமும் ஒரு பிரதி கெட்டிருந்தால் பிள்ளைக்கு அந்த நுரையீரல் நோய் வரலாம். ‘அவனுக்குத்தானே குறை, எங்க பிள்ளைக்கு எதுக்கு டெஸ்டு’ என்று பெண் வீட்டார் தடுத்ததைப் பார்த்திருக்கிறேன். தடுக்க விடாதீர்கள். சிலருக்கு இதோடு ஒரு சிறுநீரகமும் இருக்காது, ஸ்கேனில் பார்ப்பார்கள்.

ஒளிந்திருப்பதில் இன்னொன்று, இரண்டு குரோமோசோம் ஒட்டிக்கொள்வது. 13உம் 14உம் ஒன்றாக ஒட்டி, எண்ணினால் 46க்குப் பதில் 45 வரும், சரக்கு முழுக்க இருப்பதால் ஆள் நலமாக இருப்பார். சிலருக்கு விந்தணு குறையும். சிலருக்குக் குறையாது, மனைவிக்குக் கரு கலைந்துகொண்டே இருக்கும். இது நிஜமாகவே பரம்பரையாக இறங்கும். ஏழு பிள்ளைகளுக்கு நடுவில் அம்மாவுக்கு எத்தனை கலைந்தது என்று அக்காவை விட்டு மெதுவாகக் கேளுங்கள்.

சின்ன வயதில் மீசை முளைக்கத் தாமதமானதா? தோவாளைச் சந்தை வழியாகப் பஸ்ஸில் போகும்போது பிச்சிப்பூ மணம் உங்களுக்குத் தெரியுமா? விளையாட்டுக் கேள்வி இல்லை. கால்மன் என்ற வகையில் மூக்குக்கு வாசனையும் தெரியாது, மூளையிலிருந்து விதைக்குப் போகிற உத்தரவும் போகாது, இரண்டு நரம்பணுக் கூட்டமும் கருவில் ஒரே வழியாக நகர்ந்து வரவேண்டியவை. இவர்களுக்கு எஃப்எஸ்எச் கூடாது, குறையும். விதை கெட்டுப்போகவில்லை, உத்தரவுக்காகக் காத்திருக்கிறது. எச்சிஜி, எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் ஊசிகளை ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம்வரை போட்டால் பெரும்பாலோருக்கு விந்தணு வரும், பலருக்கு இயற்கையாகவே பிள்ளை உண்டாகும். மரபணுக் காரணங்களிலேயே மருந்துக்குக் கட்டுப்படுவது இதுதான், ஆனால் வாசனை தெரியாததை யாரும் நோயாகச் சொல்வதில்லை.

மணவாளக்குறிச்சி மணலுக்கு வருகிறேன். 1909இல் இங்கிருந்து போன தேங்காய்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் என்ற தாதுவைத் தேடி வந்தார் என்பது நம் ஊர்க் கதை. அதில் தோரியம் உண்டு, கதிர்வீச்சும் உண்டு, உலக சராசரியைவிடப் பல மடங்கு. கதிர்வீச்சு விந்தணுவைக் கெடுக்குமா என்றால் கெடுக்கும். ஆனால் தற்காலிகமாக நிறுத்தவே விதையில் ஒரே தடவையில் 150 மில்லிகிரே (உடம்பு வாங்குகிற கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு படவேண்டும். கடற்கரையில் வாழ்கிறவருக்குக் கிடைப்பது வருஷம் முழுக்கப் பரவி, கொஞ்சம் கொஞ்சமாக. இதே மணல் உள்ள கேரளக் கரையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பார்த்ததில் பிறவிக் குறை கூடுதலாகத் தெரியவில்லை. ஒய் துண்டு விடுபடுவதும் கூடுதல் எக்ஸும் மணல் இல்லாத ஊர்களிலும் இதே கணக்கில்தான் நடக்கின்றன. எனவே அம்மா வீட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். மணல் அள்ளுவதில் எனக்கு வேறு சண்டை உண்டு, அதை இங்கே கொண்டுவரவில்லை.

உங்கள் மனைவியை ஆவணி ஞாயிறு தவறாமல் நாகராஜா கோயிலுக்கு அனுப்புகிறார்களாம், நாகர் சிலைக்குப் பாலும் மஞ்சளும் விட. நல்லது, நானும் போகிறவன்தான். ஆனால் நாலு வருஷமாக அவருக்கு மட்டும் ஸ்கேனும் ஊசியும் நடந்து, உங்களுக்கு முதல் டெஸ்டு இப்போதுதான் என்பதைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதியில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, ஆண் டெஸ்டோ ஒரு காலை வேலை. “விசேஷம் ஒண்ணும் இல்லியா மக்களே?” என்று கல்யாண வீடுகளில் அவரிடம் கேட்டவர்களுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

ஜிம்மிலோ வேறெங்கோ ‘சக்தி’க்கென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள். வெளியிலிருந்து வருவதைப் பார்த்து மூளை உத்தரவை நிறுத்திவிடும், இருக்கிற விந்தணுவும் போய்விடும். கிளைன்ஃபெல்டர் என்று தெரிந்ததும் குழந்தை ஆசை இருப்பதைக் கேட்காமலே அந்த ஊசியைத் தொடங்கிவிடுகிற அவசரமும் உண்டு. முதலில் விந்தணு தேடல், பிறகு ஊசி.

மரபணு டெஸ்டு எல்லாருக்கும் பதில் தராது. விந்தணு இல்லாத ஆண்களில் நாலில் ஒருவருக்குத்தான் இன்றைக்கு மரபணுக் காரணத்தைப் பெயரோடு சொல்ல முடிகிறது. உங்கள் ரிப்போர்ட் இரண்டும் நார்மல் என்று வந்தால் பணம் வீண் என்று நினைக்காதீர்கள். ஏ, பி போகவில்லை என்று தெரிந்ததே நுண் அறுவைக்குக் கதவு திறந்திருக்கிறது என்ற செய்தி. அதுவும் பலிக்காமல் தானம் பெற்ற விந்தணுவுக்குப் போகிறவர்கள், செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 சட்டப்படி பதிவுபெற்ற விந்தணு பேங்கிலிருந்து மட்டுமே பெறவேண்டும், இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் ‘ஏற்பாடு’ செய்கிறோம் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

லீவு கணக்கு. ஊருக்கு வந்த முதல் வாரமே ரத்தம் கொடுங்கள், மறு விந்துப் பரிசோதனை இரண்டு வாரம் கழித்துப் போதும். இரண்டு குழாய் எடுப்பார்கள். கேரியோடைப்புக்குப் பச்சை மூடி, அதில் செல் உயிரோடு இருக்கவேண்டும், ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும். ஒய் டெஸ்டுக்கு ஊதா மூடி, அதில் டிஎன்ஏ மட்டும் போதும். இரண்டையும் மாற்றி எடுத்து, மார்த்தாண்டத்திலிருந்து வந்த சாம்பிளைத் திருப்பி அனுப்பிய நாட்கள் எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஆளின் லீவு அதோடு முடிந்தது. எடுக்கிற பிள்ளையிடம் மூடியின் நிறத்தைப் பார்த்துக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சனிக்கிழமை கொடுக்காதீர்கள், குழாய் ஞாயிறு முழுக்கக் கூரியர் ஆபீசில் கிடக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் நீளமான விளக்கத்தை விட்டுவிட்டு ஒரே வரியைப் பாருங்கள். 46,எக்ஸ்ஒய் என்றால் எண்ணிக்கை சரி. 47,எக்ஸ்எக்ஸ்ஒய் என்றால் கிளைன்ஃபெல்டர். 45 என்று தொடங்கி 13, 14 என்ற எண்கள் வந்தால் அண்ணன் தம்பிகளையும் அழைத்துப் போகவேண்டும். ஒய் ரிப்போர்ட்டில் ஏ, பி, சி மூன்றுக்கும் நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்த வரியையும் விந்தின் வால்யூமையும் எஃப்எஸ்எச்சையும் எனக்கு எழுதுங்கள். பெயரும் ஊரும் வேண்டாம்.